அடுத்த ரயிலில் வந்தவனுக்கு

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். வாசலில் உன் செருப்பு. பதினைந்து நாளைக்கு முன் மயிலாப்பூருக்கு என்னைப் பார்க்க வந்தவன், என்னுடையதை மாட்டிக்கொண்டு ராயப்பேட்டை போய்விட்டாய். போனில் சிரித்தாய். "மச்சி, உன் செருப்பு என் கால்ல கீது. நாளைக்கு வந்து மாத்திக்கினு போறேன்." மறுநாள் போனில் உன் தம்பி. மாரடைப்பாம். நாற்பதுகூட ஆகாதவனுக்கு மாரடைப்பா! அடப்பாவி, இன்னும் என் மண்டையில் ஏறவில்லை.

செருப்பைப் பார்த்ததும் ஜப்பான்தான் ஞாபகம் வந்தது. கம்பெனி நம் இருவரையும் பயிற்சிக்கு அனுப்பியிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிவிட்டு மாலையே திரும்பலாம் என்று அந்த அதிவேக ரயிலில் ஏறினோம். ஏறியதும் ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு சம்மணம் போட்டாய். "இன்னாடா இது, இந்த ஓட்டம் ஓடுது, பாட்டில் தண்ணிகூட ஆடல!" என்று வாயைப் பிளந்தாய்.

வழியில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. அரக்கோணம் வந்த மாதிரி காலி பாட்டிலோடு எழுந்தாய்.

"டேய், வேணாம்டா."

"தோ, தண்ணி புட்ச்சிகினு வந்துர்றேன்."

சாக்ஸ் காலோடு இறங்கினாய். நம் ஊர் வண்டி ஊதும், மெல்ல அசையும், ஓடிவந்து தொற்றிக்கொள்ள நேரம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. கதவு மூடியது. கண்ணாடிக்கு வெளியே பாட்டிலும் உன் முகமும். மறுநொடி எதுவுமில்லை. உன் டிக்கெட், பாஸ்போர்ட், பணம் எல்லாம் என் பையில். அந்த ஊர்ப் பாஷையில் உனக்கு ஒரு வார்த்தை தெரியாது. உன் அம்மாவிடம் என்னவென்று சொல்வேன் என்றே மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த ஸ்டேஷனில் உன் ஷூவைக் கையில் பிடித்தபடி இறங்கி நின்றேன். நிற்காமல் பறந்த ஒவ்வொரு ரயிலிலும் உன் முகத்தைத் தேடினேன். அரைமணி கழித்து ஒன்று நின்றது. அதே சாக்ஸ், பாட்டில் நிறையத் தண்ணீர், நீ.

"இன்னா மச்சி, பயந்துட்டியா? நீ எறங்கி நிப்பேன்னு எனக்குத் தெரியும்டா."

அறைவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் ஷூவை உன் மேலேயே விட்டெறிந்தேன்.

"அந்தச் செருப்ப அவங்க வீட்ல குடுத்துடுங்களேன்" என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நீ மறுபடியும் பாதியில் இறங்கிவிட்டாய். வண்டி என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. உன் செருப்பு என்னிடம்தான் இருக்கிறது. இந்த முறை எந்த ஸ்டேஷனில் இறங்கி நிற்பது, சொல்லடா.