முகம் மடியாமல் போட்ட நோட்டீஸ்

அக்கா,

இன்றைக்குக் காலமை வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் படி கழுவிக்கொண்டு கீழே வந்தேன். கடிதப் பெட்டிகளைத் துடைக்கத் துணியைப் பிழிந்தபோது புது மை மணம் மூக்கில் அடித்தது. எல்லாப் பெட்டி வாயிலும் ஒவ்வொரு நோட்டீஸ் நீட்டிக்கொண்டு நின்றது. நகரசபைத் தேர்தல் திரும்பவும் வந்துவிட்டது. வாளியை ஓரமாய் வைத்துவிட்டு ஈரப் படியிலேயே இருந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. அதுதான் வீட்டுக்கு வந்தவுடனே இதை எழுதுகிறேன்.

போன கிழமை அமினிஸ்திரதோரே என்னைக் கூப்பிட்டவர். இந்தக் கட்டடங்களை எல்லாம் பொறுப்பாய்ப் பார்க்கிற அதே மனிசன்தான், எங்கள் இரண்டு பேருக்கும் படி கழுவுகிற வேலை தந்தவர். நோட்டீஸ் போடவேண்டும், வாசல் பூட்டுகளின் திறப்பு எல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது என்றார். முழங்கால் நோகுது என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, நோகிறதுதான். ஆனால் மாட்டேன் என்று அவரின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, அக்கா. அவர் வேறு ஆரையோ பிடித்துப் போட்டிருக்கிறார்.

இந்த வருட நோட்டீஸில் ஆட்கள் ஒருவரும் இல்லை. ஒரு தெருவின் படம் மட்டும். கழுவித் துடைத்த வெறும் தெரு. ஒரு பூச்சட்டி, ஒரு யன்னல், வெயில். எங்கட தெருவை இப்படித் திருப்பி எடுப்போம் என்று கீழே எழுதியிருக்கிறது. ஆரிடம் இருந்து எடுக்கப் போகினம் என்று எழுதவில்லை.

ஐந்து வருடத்துக்கு முந்தின தேர்தலில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். தெரு முழுக்கப் படம் ஒட்டியிருந்தார்கள். உங்களுக்கு இத்தாலி எழுத்து வாசிக்கத் தெரியாது, எனக்கும் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்துப் பழகின அளவுதான். அதனால் நீங்கள் ஆட்களைப் பல்லை வைத்துத்தான் தரம் பிரிப்பீர்கள். "இவனுக்குச் சொந்தப் பல்லு. அவனுக்குக் கட்டின பல்லு. கட்டின பல்லுக்காரனை நம்பாதை, அவன் சிரிக்க முதல் யோசிக்கிறான்." நான் வாளியோடு நின்று சிரிக்க, மூன்றாம் மாடிக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். நீங்கள் உடனே குனிந்து படியைத் தேய்ப்பீர்கள், ஒன்றும் நடக்காதது போல. இரண்டு பேருக்கும் வோட்டு இல்லை. ஆனால் ஆர் வெல்வான் என்று உங்களைப் போல இந்தப் பலெர்மோவில் ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

உங்களைப் படம் எடுத்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். அதற்கு முந்தின ஆவணியில், மடு மாதா திருநாளுக்கு எங்கட ஆட்கள் கோயிலில் இருந்து தெருவால் ஊர்வலம் போனார்கள். நான் சைவக்காரி. "உன்ரை பிள்ளையார் கோவிக்க மாட்டார், வாடி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். மஞ்சள் சீலை கட்டி, தலைக்குப் பூ வைத்திருந்தீர்கள். ஒரு பொடியன் பெரிய கமராவோடு வந்து, எடுக்கலாமா என்று மரியாதையாய்க் கேட்டான். நீங்கள் நின்றீர்கள். சீலைத் தலைப்பைச் சரி செய்தீர்கள். என்னைக் கொஞ்சம் தள்ளி நில்லடி, மறைக்கிறாய் என்றீர்கள். பிறகு கை கூப்பிச் சிரித்தீர்கள். அவன் நன்றி சொல்லிப் போட்டுப் போனான். எவ்வளவு பண்பான பொடியன் என்று வீடு வரும்வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

எட்டு ஒன்பது மாதத்தால் அமினிஸ்திரதோரே எங்களுக்கு இரண்டு கட்டு நோட்டீஸ் தந்தார். கட்சிக்காரப் பொடியங்கள் வந்தால் ஒருவரும் வாசல் திறக்க மாட்டினம். எங்களிடம் அவரின் எல்லாக் கட்டடத்துக்கும் திறப்பு இருந்தது. படி கழுவிப்போட்டுப் போகும்போது பெட்டிக்குள் போட்டுவிடுங்கள் என்றார். மடித்துக் கட்டியிருந்த கட்டை முதலாவது கட்டடத்தில் நான்தான் அவிழ்த்தேன். மேலே இருந்ததை எடுத்து நீங்கள் வெளிச்சத்துக்குப் பிடித்தீர்கள்.

"இஞ்சை பாரடி. இது நானெல்லோ."

நீங்கள்தான். மஞ்சள் சீலை, பூ, கூப்பின கை. உங்களுக்குப் பின்னால் எங்கட பெண்டுகள் ஒரு கூட்டம். ஓரத்தில் என்னுடைய முழங்கை மட்டும். நீங்கள் அந்தப் படியிலேயே இருந்துவிட்டீர்கள். "எங்கட ஊரில மதிலில படம் வந்தா ஒண்டில் வெண்டவன், இல்லாட்டிச் செத்தவன். எனக்கு வெல்லாமலும் சாகாமலும் வந்திருக்கு" என்று சொல்லிக் கண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு தாளை என்னிடம் நீட்டி, என்ன எழுதிக் கிடக்கு, வாசி என்றீர்கள்.

நான் வாசித்தேன், அக்கா. மெல்ல, விரல் வைத்து. மேலே பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: இது இன்னமும் உங்கள் தெருவா? அதற்குக் கீழே உங்கட முகம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் துப்புரவு, ஒழுங்கு, பயமில்லாத தெரு, எங்கட பிள்ளைகள், எங்கட வழக்கம் என்று இருந்தது. கூடாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆரையும் பேசவில்லை. ஒவ்வொரு சொல்லாய்ப் பார்த்தால் கோயிலில் சாமியார் சொல்லுகிற சொற்கள்தான். ஆனால் அந்தக் கேள்விக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவில் உங்களை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. படிப்புக் குறைந்த ஆளுக்கும் விளங்கவேண்டும் என்றுதானே அப்படிச் செய்கிறவை.

நீங்கள் என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தெருவைத் துப்புரவாய் வைச்சிருக்கிற ஆக்களாம் அக்கா. எங்கட வழக்கத்தை மதிக்கினமாம்" என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். உங்கட முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. உள்ளதைச் சொன்னால் நீங்கள் அந்தக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்த மனிசனின் மேசையில் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பிறகு இரண்டு பேருக்கும் ஒரு படியும் மிஞ்சாது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. நான் பயந்தேன்.

அந்த இரண்டு நாளும் எல்லாக் கட்டடத்திலும் போட்டோம். நான் மடித்து மடித்துத் தள்ளினேன். நீங்கள் மடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் சுருட்டி, முகம் மடியாமல், பெட்டி வாயில் மெல்ல இறக்கினீர்கள். கடைசிப் பெட்டிகளுக்குப் போகும்போது என்னுடைய கட்டில் மிஞ்சினதையும் வாங்கிக்கொண்டீர்கள். "உனக்கு அவசரம். தா, நான் போடுறன்."

அதற்குப் பிறகு மூன்று கிழமை நீங்கள் வேறு ஆள். குளிர்பெட்டியில் ஒன்று ஒட்டினீர்கள். போனில் படம் எடுத்து மன்னாருக்குத் தம்பிக்கு அனுப்பினீர்கள். அக்கா எலக்சன் கேக்கிறாவோ என்று அவர் குரல்பதிவில் பகிடி விட, அதை எனக்கு நாலு தரம் போட்டுக் காட்டினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய எல்லாருக்கும் எடுத்துக் காட்டினீர்கள். எங்கட ஆட்களில் வாசிக்கத் தெரிந்தவை நிறையப் பேர். தாளைப் பார்த்தார்கள், உங்களைப் பார்த்தார்கள், நல்ல படம் என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு பொடியன் மட்டும் உங்களை கவுன்சிலர் அக்கா என்று கூப்பிட்டான். உங்களுக்கு அது பிடித்துப் போச்சு. நான் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. நீங்கள் பதினொரு வருடமாய்க் குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்திப் பார்த்த அந்த வயது போன சிஞ்ஞோராவின் வீட்டில், அவவின் மேசையிலும் எங்கள் நோட்டீஸ் கிடந்ததாம். நீங்கள் எடுத்து அவவுக்கு முன்னால் பிடித்து, பாருங்கோ என்று சந்தோசமாய்க் காட்டினீர்களாம். அவ உங்கட கன்னத்தைத் தடவி, நீ இதுக்கெல்லாம் கவலைப்படாதை மகளே, இது உன்னைச் சொல்லேல்லை, நீ எங்கட ஆள், இது மற்றவையைப் பற்றி என்று சொன்னாவாம். எந்த மற்றவை என்று கேட்டீர்களாம். இந்தப் படத்தில் நிற்கிறவை என்றாவாம். படத்தில் நிற்கிறது நான்தானே என்று நீங்கள் சொல்ல, அவ கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்துவிட்டு, வெயில் கண்ணுக்குள் அடிக்குது, யன்னலைச் சாத்து என்றாவாம்.

நீங்கள் யன்னலைச் சாத்திவிட்டு, அவவுக்குச் சூப் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, நேரம் முடியத்தான் வந்தீர்கள். வுச்சீரியாச் சந்தையில் மீன்காரனுக்குப் பக்கத்தில் நான் உங்களுக்காக நின்றேன். இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னீர்கள், ஆருடையவோ கதையைச் சொல்வது போல. "பதினொரு வரிசம் குளிக்க வாத்தனான். சீலை கட்டினவுடனை மனிசிக்கு என்னைத் தெரியேல்லை." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"உனக்குத் தெரியுமோடி?"

"இல்லை அக்கா. எனக்கும் விளங்கேல்லை" என்றேன்.

நீங்கள் மீன்காரனின் பக்கம் திரும்பினீர்கள். பிறகு, சரி, சாளை நல்லாக் கிடக்கு, அரைக் கிலோ வாங்குவம் என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீங்கள் எடுக்கவே இல்லை. குளிர்பெட்டியில் ஒட்டினதைக் கழற்றிவிட்டீர்கள், எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பார்க்க, ஒட்டின பிசின் மட்டும் நாலு மூலையிலும் இருந்தது. சிஞ்ஞோராவைக் கடைசிவரைக்கும் முந்தி மாதிரியே பார்த்தீர்கள். ஆனால் அடுத்த ஆவணி ஊர்வலத்துக்கு நீங்கள் சீலை கட்டவில்லை. சட்டை போட்டு, கடைசி வரிசையில் வந்தீர்கள். இண்டைக்கு வெக்கை என்றீர்கள்.

கடிதங்களை மட்டும் தொடர்ந்து என்னிடமே கொண்டுவந்தீர்கள். இங்கே இருக்கத் தருகிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கிற தாள், கரண்ட் பில், எல்லாம். வாசிக்க வாசிக்கத் தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் நினைத்தேன், அக்கா என்னை நம்பிவிட்டா, அந்தக் கதை முடிந்துவிட்டது என்று.

ஆஸ்பத்திரியில் இருந்து அந்தக் கடிதம் வந்த நாள், நீங்கள் என்னுடைய குசினியில் வந்து இருந்தீர்கள். மெலிந்துபோய் இருந்தீர்கள். உறையை நீங்களே கிழித்து, தாளை நீவி மேசையில் வைத்தீர்கள். நான் எடுக்கப் போக, தாளின் மேல் கையை வைத்துக்கொண்டீர்கள்.

"இந்தமுறை உள்ளதைச் சொல்லு, என்ன."

கோபமாய்ச் சொல்லவில்லை. உப்புக் கொஞ்சம் குறைச்சுப் போடு என்று சொல்வது போலச் சொன்னீர்கள். ஒன்றரை வருடமாய்த் தெரிந்துகொண்டே என்னிடம் தாள் கொண்டுவந்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே என்னோடு படி கழுவி, சாளை வாங்கி, மகளின் பிறந்தநாளுக்கு வட்டிலப்பம் அவித்துக் கொண்டுவந்திருக்கிறீர்கள். நான் வாசித்தேன். இருந்த சொல்லை இருந்தபடியே சொன்னேன், எத்தனை மாதம் என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். நீங்கள் கேட்டு முடித்துவிட்டு, சரி, தேத்தண்ணி வை என்றீர்கள். அப்போதாவது நான் காலில் விழுந்திருக்கவேண்டும். தேத்தண்ணி வைத்தேன்.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகுது. அன்றைக்கு மீன்கடையில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல இவ்வளவு காலம் எடுத்திருக்கிறேன். ஓம் அக்கா. எனக்குத் தெரியும். முதலாவது கட்டடத்திலேயே, முதலாவது பெட்டிக்கு முந்தியே தெரியும்.

இப்போது எங்கட பெண்டுகள் நிறையப் பேர் தங்கட தாள்களை என்னிடம் கொண்டுவருகினம். புதிதாய் வந்ததுகள், வாசிக்க ஆள் இல்லாததுகள். போன மாதம் ஒரு பிள்ளை குவெஸ்தூராவில், விசாத் தாள் பார்க்கிற அந்தப் பொலிஸ் கந்தோரில் இருந்து வந்த கடிதத்தோடு வந்தாள். அதில் நல்லது ஒன்றும் இல்லை. இருந்தபடியே வாசித்துச் சொன்னேன். அவள் மேசையில் தலை வைத்து அழுதாள். அவள் போன பிறகு மகள் என்னைப் பேசினாள், ஏனம்மா இப்படி நேரே போட்டு உடைக்கிறீங்கள், கொஞ்சம் பதமாய்ச் சொல்லலாம்தானே என்று.

பதமாய்ச் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை, அக்கா. உங்களுக்கு நான் அந்த நோட்டீஸை வாசித்தது பதமாய்த்தான்.