மூக்கில் குழல் வைத்த கவிஞர்

மே 5, திங்கள்

காலையிலிருந்து மழை. பாலத்தில் பேருந்து நகரவே இல்லை. சாக்ஸ் நனைந்து, நாள் முழுக்க அதே ஈரம்.

ஏல அறையில் புதுச் சரக்கு. ஒவ்வொன்றையும் பார்த்து நிலை அறிக்கை எழுதுவது என் வேலை. வெங்காயம் விளையும் புக்கெகோஹியில் இறந்துபோன ஒருவரின் சேகரிப்பு: ஏழு சாவு முகங்கள். ஆள் இறந்த சில மணி நேரத்துக்குள் முகத்தில் பிளாஸ்டர் பூசி எடுத்த அச்சில் வார்த்தவை. வெங்காயப் பெட்டிகளில் வந்தன. தளபதியின் மீசையில் வெங்காயத் தோல்.

தளபதி, பிரதமர், இசைக்காரர் இருவர், கப்பல் தலைவர், கவிஞர், தூக்கில் போட்ட கொலைகாரன் ஒருவன். இருப்பதிலேயே சாந்தமான முகம் கொலைகாரனுக்குத்தான்.

அம்மா போனில்: "செத்தவன் மூஞ்சியத் தொட்டுட்டு அப்படியே சோத்துல கை வெக்காதடி. தலைக்கு ஊத்திட்டுச் சாப்பிடு."

ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே குளியல்.

மே 6, செவ்வாய்

கவிஞரின் முகம் சாவு முகம் இல்லை.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்து இளைத்துச் செத்தவர். இது நன்றாகச் சாப்பிட்ட கன்னம். இமைகளை இறுக்கி மூடியிருக்கிறார். புருவம் சுருங்கியிருக்கிறது, எங்கோ அரிப்பதைப் பொறுத்துக்கொள்வது போல. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு நாசியிலும் வட்டமாக ஓட்டை அடைத்த தடம். பிளாஸ்டர் காயும்வரை மூச்சுவிடக் குழல் செருகியிருக்கிறார்கள். செத்தவருக்கு எதற்குக் குழல்?

முதலாளி கி.யிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். புரிந்தது அவருக்கு. "விளம்பரம் வெளியாகிவிட்டதே. உயிரோடு இருந்தபோது எடுத்தது என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள். நிலை அறிக்கையில் சாவு முகம் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு." அதே மூச்சில்: "உன் ரெசிடென்சி விண்ணப்பத்துக்கு நான் தரவேண்டிய கடிதம் என் மேசையில்தான் இருக்கிறது. இந்த வேலை முடியட்டும், கொடுத்துவிடுகிறேன்."

மிரட்டவில்லை. பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

விசா முடிய மூன்று வாரம்.

மே 7, புதன்

மழை விட்டது. யாரோ வாசலில் ஃபெய்ஜோவா பழம் ஒரு பை வைத்துப் போயிருக்கிறார்கள், பாதி அழுகல்.

மதியம் வாசுகி அக்காவிடம் சொன்னேன். எங்கள் பார்சல் பகுதியில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே இருபது வருடம்.

"உமக்கென்ன விசரே? அந்தாள் எழும்பி வந்து கேஸ் போடப் போறாரே?"

"பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போடணுமாக்கா?"

"உண்மையைக் கதைச்சுப்போட்டுப் பிளேன் ஏறித் திரும்பிப் போன ஆக்களை எனக்குத் தெரியும். நீர் சாப்பிடும்."

அவர் சாப்பிடவில்லை. டப்பாவை மூடிவிட்டுப் போய் டேப் கிழிக்க ஆரம்பித்தார்.

மே 8, வியாழன்

போட்டுவிட்டேன். "இறந்தபின் எடுக்கப்பட்டது. நிலை: நன்று." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

தலை வணங்காதவர்களைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை பென்சில் கோடு. படித்ததெல்லாம் பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி நின்றுவிட்டது.

நாலு மணிக்குக் கடிதம் வந்தது. மூன்றாவது வரியில் "நேர்மையானவர்" என்று இருக்கிறது.

வாங்க வேண்டியவை: அரிசி, ஷாம்பு, பஸ் கார்டு டாப்-அப்.

மே 10, சனி

ஏலம். நல்ல கூட்டம். கவிஞர்தான் அதிக விலைக்குப் போனார்.

வாங்கியவர் கிளென்ஃபீல்டில் என் ஃப்ளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடம் இந்தக் கவிஞரின் கவிதைகளைப் பாடம் நடத்தியவராம். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குழந்தையை வாங்குவது போல இரண்டு கையால் வாங்கினார்.

"நீதானே அறிக்கை எழுதினாய்? உனக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

உயிரோடுதான் இருந்தார், முகம் அரித்திருக்கும், எழுந்து கழுவிக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் சிரித்திருப்பார். கடிதம் என் பைக்குள் இருந்தது.

"இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டார்."

அவர் கட்டைவிரலால் அந்தப் புருவத்தை நீவிவிட்டார், சுருக்கத்தை எடுத்துவிடுவது போல. பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் ஏன் இந்த முகம்?"

பபிள் ராப் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன்.