இனி யாரும் எழுதாத நோட்டுகள்

15.10.07, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நோட்டுக் கிழிப்பு. வியாழக்கிழமை சிதம்பரத்தில் கண்காட்சி, மறுசுழற்சிக் காகிதம் எங்கள் தலையில். "இனி யாரும் எழுதாத நோட்டு இருந்தா கொண்டாங்க" என்று சொல்லியிருந்தேன். கட்டுக் கட்டாக வந்துவிட்டது. அதிகம் கொண்டுவந்தவள் கயல்விழி. அவளுக்குக் கை தட்டச் சொன்னேன். கால் பட்ட ஒவ்வொரு தாளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், வேலை ஓடவில்லை. ஒருவழியாக எல்லாம் அண்டாவில் ஊறுகிறது.
வாங்க: கொசுவலை, மைதா, தலைவலி மாத்திரை.

16, செவ்வாய்
சத்துணவு ஆயா கிரைண்டர் தரமாட்டேன் என்றுவிட்டார். என் வீட்டு மிக்ஸியில் கூழ் அரைத்தேன். புகைந்து நின்றது. வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடும்வரை என்னோடு பேசவில்லை. கொசுவலையில் ஊற்றினால் தாள் பிய்கிறது. மைதாக் கஞ்சி சேர்த்த பிறகு நின்றது. வெயில்தான் இல்லை. அழுகையாக வருகிறது.

17, புதன்
மழை. தாள் காயவில்லை. ஹெச்.எம். சார் எட்டி எட்டிப் பார்க்கிறார். "மானத்த வாங்கிடாதீங்க டீச்சர்."
இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். சாம்பல் நிறம், அங்கங்கே நீல மை. பிள்ளைகள் பூ ஒட்டி வாழ்த்து அட்டை ஆக்கினார்கள். கருகிய தாள் ஒன்று என் பையில். மற்றதெல்லாம் சாரிடம்.

19, வெள்ளி
சாருக்கு வாயெல்லாம் பல். கண்காட்சியில் நல்ல பேராம். அட்டைகளை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாராம். பள்ளியில் சரஸ்வதி பூஜை, பொரி, சுண்டல்.
மதியம் கயல் மேசையருகே வந்து நின்றாள்.
"அண்ணன் நோட்ட குடுங்க டீச்சர். நாளைக்கு பூஜைல வெக்கணும்னு அம்மா தேடுறாங்க."
அண்ணன் கதிரவன். இரண்டு வருடம் முன்பு வந்த வெள்ளம் வடிந்தபோது காய்ச்சலில் போய்விட்ட பிள்ளை. என் வகுப்பில் படித்தவன்.
எதற்கடி அதைக் கொண்டுவந்தாய் என்றேன்.
"நீங்கதானே யாரும் எழுதாத நோட்டுன்னு சொன்னீங்க."
அந்த நோட்டுகளைத் திருத்தியதே நான்தான். மேலட்டையில் பேர் இருந்திருக்கும். பார்க்கவில்லையே, ஒரு தடவைகூடப் புரட்டிப் பார்க்கவில்லையே. ஓடிப்போய் அண்டாவைப் பார்த்தேன். பிள்ளைகள் பளிச்சென்று கழுவி வைத்திருக்கிறார்கள்.
தூக்கம் இல்லை. அந்த அம்மாவிடம் என்னவென்று சொல்வேன்?

20, சனி
போனேன். கயலின் அம்மா வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். சாவு விழுந்த வீடு, இரண்டு வருடம் கழித்து முதல் பூஜை. மனைப்பலகையில் மஞ்சள் தடவியாயிற்று. மேலே கயலின் புத்தகங்கள். பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டிருந்தது.
உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே, நோட்டைக் கூழாக்கித் தாள் செய்துவிட்டதைச் சொல்லிவிட்டேன். கயலைத் திட்டாதீர்கள், தப்பு என்னுடையது என்றேன். கருகிய தாளை எடுத்துக் கொடுத்தேன்.
திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இதுல அவன் எழுதுனது எங்க டீச்சர் இருக்கு? நடுவுலயா, ஓரத்துலயா?"
எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது, செய்த தாள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.
தாளைப் பலகையில் அவனுக்கு விட்ட இடத்தில் வைத்தார்.
"அப்ப எல்லாத்தையும் குடுத்துருங்க டீச்சர். சாயங்காலந்தான் பூஜை."
அட்டைகள் சிதம்பரத்தில் யார் யார் வீட்டிலோ. சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.