தாக் அண்ணனுக்கு இன்னும் அடக்கம் ஆகவில்லை

யோசு, நவம்பர் 19

அன்பு மகள் ஹே-வோனுக்கு, நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம், படிக்கப் போன அந்த வெளிநாட்டுக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். என் கைகளில் இன்னும் கட்டு இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தா-இன் எழுதுகிறாள், பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. முடித்ததும் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். ஒன்றாம் தேதி எங்கள் ஆலைக் கூடத்தில் கரைப்பான் காய்ச்சும் கலன் வெடித்ததையும் என்னோடு வேலை பார்த்த தாக் அண்ணன் அதில் இறந்துபோனதையும் தொலைபேசியில் சொன்னேன். அப்போது சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவருக்கு இன்னும் அடக்கம் ஆகவில்லை. தொழிலாளியின் கவனக்குறைவு என்று நிறுவனம் அறிக்கை விட்டது, அதைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்கும்வரை உடலை எடுக்க விடமாட்டேன் என்று அண்ணி மருத்துவமனையின் துக்கக் கூடத்தில் பதினெட்டு நாளாக உட்கார்ந்திருக்கிறார். நான் போனபோது, துக்கத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மாட்டிறைச்சிச் சூப்பை என் முன் வைத்து, "தம்பி, உங்க அண்ணன் அடுப்பை மூடினோமான்னு மூணு தடவை பாக்கிற ஆளு, அவரா கவனமில்லாம இருந்தாரு? சாப்பிடுங்க, கை முடியலன்னா நான் ஊட்டுறேன்" என்றார். 

எங்கள் ஆலையில் இப்போது தயாராகும் நுண்துகள்களை முதலில் நீதான் சின்னக் குப்பியில் செய்தாய். பாலிமர் கரைந்த கரைப்பானும் தண்ணீரும் நொடியில் மோதினால் அடுக்கடுக்கான மணிகள் பிறக்கும் என்று காட்டினாய், மீந்த கரைப்பானைக் கழிவில் ஊற்றினாய். இங்கே நாளுக்கு நானூறு லிட்டர், யார் கொட்டுவார்கள்? காய்ச்சி வடித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினோம். வடித்தால் அதைக் கெடாமல் காக்கும் மருந்து பிரிந்துவிடும், பிறகு காற்றுப்பட்டு வெடிபொருள் சேரும், ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே சூடாக்க வேண்டும் என்று விசாரணைக்கு வந்த அதிகாரி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். நீ இங்கே வேலை பார்த்தபோது எழுதிய செய்முறைத் தாளில் காய்ச்சி மீட்கலாம் என்ற வரி இருந்தது, சோதிக்கும் வரி இல்லை. வெடிப்புக்குப் பிறகு சுவரில் மாட்டிய புதுத் தாளில் அது இருக்கிறது, உன் பெயருக்கு மேலேயே. மேலாளர் பேரிக்காய்ப் பெட்டியோடு வந்து, "ஃபோர்மன் ஐயா, ஹே-வோன் நம்ம வீட்டுப் பொண்ணு. அந்த வரி முதல்லேருந்தே இருந்துச்சுன்னு சொல்லிட்டா அவ படிப்புக்கும் சேதமில்ல, உங்க வேலைக்கும் சேதமில்ல" என்றார். "செத்தவரு திரும்பி வரப்போறாரா, இருக்கிற பொண்ணை ஏன் இழுக்கிறீங்க" என்று சொன்ன உன் அம்மா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இந்த இடத்தில் தா-இன் பேனாவை வைத்துவிட்டு, "அப்போ அக்கா மேலயா தப்பு?" என்று கேட்டாள். அக்கா மேலும்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட என் மேலும்தான் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன்.

உன் கணினியில் அந்த முதல் தாள் தேதியோடு இருக்கும். ஒரு எழுத்தும் மாற்றாமல் விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பு. உன் பெயர் கெடும், தெரிந்துதான் கேட்கிறேன். அனுப்பாவிட்டாலும் நீ என் மகள்தான், ஆனால் அண்ணி முகத்தில் நான் விழிக்க முடியாது. கம்பளிச் சட்டை போட்டுக்கொள், நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இந்த ஊர் நேரப்படி வியாழன் மாலை ஐந்துக்கு விசாரணைக் கோப்பை மூடுகிறார்கள். மறக்காதே, இங்கே உன் ஊருக்கு முன்பே பொழுது விடிந்துவிடும்.

உன் அப்பா,
மின் கியோங்-சு
(கையெழுத்து தா-இன்னுடையது)