ஓரம் மடிக்காத பாய்கள்

2013 ஜூன் 3, திங்கள்

இன்று ஒரு வெட்கக்கேடு. பள்ளிக்கூட அதிபர் வகுப்புக்குள் வந்ததும் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நானும் எழும்பிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் படிக்கப் போனவள் இல்லை. சித்திரப் பாடத்தில் ஓலைப்பாய் இழைக்கக் காட்டிக்கொடுக்கப் போனவள். மன்னாரில் மூன்றாம் ஆண்டோடு பள்ளியை விட்டவளுக்கு அதிபரைக் கண்டால் கால் தானாக எழும்புகிறது, என்ன செய்ய? சித்திர டீச்சர் ஷானிகா சிரிப்பை அடக்கி அடக்கி இருமினார். “கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க டீச்சர், நெஞ்சுக்கு நல்லம்” என்றேன்.

ஜூன் 10

முப்பத்திரண்டு சின்னப் பாய்கள். ஓரம் மடிக்கிறதுக்கு முன்னமே மணி அடித்துவிட்டது. டீச்சர் சொன்னார்: “ஓரத்த அப்படியே விடுவம் கமீலாக்கா. ஓலை நீட்டிக்கொண்டு நிக்கிறதும் வடிவாத்தான் இருக்கு. கண்காட்சிக்கு இப்படியே வைப்பம்.”

நான் வாயே திறக்கவில்லை. ஊரையே பகிடி பண்ணுகிற வாய்! எங்கள் ஊரில் மய்யித்துக்கு விரிக்கிற பாயைத்தான் ஓரம் மடிக்காமல் விடுவோம். அதில் படுத்தவர் எழும்பப் போவதில்லையே, இனி ஓரம் எதற்கு? உயிரோடு இருப்பவருக்கு அதை விரிக்கவே மாட்டோம்.

சொல்லியிருக்கலாம். டீச்சர் அவ்வளவு சந்தோஷமாக நின்றார். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு நாங்கள் புத்தளத்துக்கு வந்து இருபத்திமூன்று வருஷமாகப் போகிறது. உங்களுக்குத் தெரிந்ததை எங்களுக்கும் காட்டுங்கள் என்று ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. நாளைக்கு வரவேண்டாம் என்றுவிட்டால்?

ஜூன் 11

வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, ஸும்ரா, தன் பாயை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். அவளுடைய வாப்பா மர்ஸூக் ஒரு மாதமாகப் படுக்கையில். பிள்ளை ஆசையாக அவர் தலைமாட்டில் விரித்திருக்கிறது.

அவளுடைய உம்மா நஃபீஸா எங்கள் ஊர்க்காரி, இங்கேயும் அடுத்த வேலிதான், எனக்குத் தங்கச்சி மாதிரி. பாயைச் சுருட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

“ராத்தா, அவருக்கு இன்னும் மூச்சு இருக்கு.”

அவ்வளவுதான். பாயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 12

நானா விரிச்சன்? இல்ல. நானா குடுத்தன்? — தெரிஞ்சும் சும்மா இருந்தேனே, அது குடுத்ததுதானே.

ஜூன் 13

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துப் போனது.

“முதலே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“நீங்க கேக்கல்ல, நான் சொல்லல்ல. பாதிப் பாதி.”

“எங்கட வீட்டுல மந்திரிச்ச குருத்தோலைய ஆராவது குப்பையில போட்டா அம்மா அழுதிருவா. நான் கேட்டிருக்கோணும்” என்றார். டீச்சருக்குச் சிலாபம், கத்தோலிக்க வேதக்காரர்.

இருவருமாக நஃபீஸா வீட்டுக்குப் போனோம். கதிரை போடவில்லை, தேத்தண்ணியும் இல்லை. டீச்சர் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். நஃபீஸா கதவைப் பிடித்துக்கொண்டு “ஓம், சரி” என்றாள், டீச்சரைப் பார்த்து. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 17

ஓரம் ஏன் மடிக்கவேண்டும் என்று டீச்சர் என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. ஸும்ரா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். உன்னில் பிழை இல்லை மகள் என்றேன்.

ஜூன் 24

சித்திரப் பாடத்துக்கு இன்று இரண்டு பாடவேளை சேர்த்துத் தந்தார்கள். பிள்ளைகளும் டீச்சரும் நானும் தரையில் குந்தியிருந்து ஓரம் மடித்தோம். மர்ஸூக் அப்படியேதான் இருக்கிறார்.

பாதியில் நஃபீஸா வந்தாள். எனக்குப் பக்கத்தில் குந்தி, ஸும்ராவின் பாயை என் கையிலிருந்து பிடுங்கினாள். “ராத்தா மடிச்சா கோணும்” என்றாள். நான் அடுத்த பாயை எடுத்துக்கொண்டேன். கண் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது.

அப்போது அதிபர் வந்தார். எழும்பினேன். பாயும் என்னோடு எழும்பியது. ஓரத்தோடு என் முந்தானையையும் சேர்த்து மடித்திருந்தேன். அதிபர் “இருங்க” என்றார். இருந்தேன்.

முப்பத்தொரு பாய் முடிந்தது. முப்பத்திரண்டாவது இன்னும் என் முந்தானையில்.