நரிவெங்காயத்துக்கு ஊற்றிய தண்ணீர்

இன்று காலை ஏழாவது பெயிண்ட் டப்பாவையும் பால்கனியில் பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்த்தேன். அழுகிய வெங்காய நாற்றம் கூடம் வரை வந்தது. மற்ற ஆறிலும் கண்டதுதான்: கிழங்கு இருந்த இடத்தில் பழுப்புக் கூழ். விரல்கள் இன்னும் அரிக்கின்றன. நல்ல வார்த்தைகளை எதிர்பார்க்காதே. உன் மேல் கோபமாக இருக்கிறேன்.

நீ அவற்றைத் தோண்டிய அன்று நானும் இருந்தேன். ஊருக்கு வெளியே, பாறையும் புதர்க்காடுமாகக் கிடந்த நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் விழா. நான் செய்திக்காகப் போனேன். நீ ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு துணைக்கு வந்தாய். மேடையில் மாலை மரியாதை நடந்துகொண்டிருந்தபோது நீ ஸ்குரூ டிரைவரால் ஒரு மரத்தடியைக் கிளறிக்கொண்டிருந்தாய். ரயில்வே பட்டறைக்காரன் பையில் அது எப்போதும் இருக்கும். "நரிவெங்காயம்டா. நாளைக்கு ஜேசிபி வந்துரும். இது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாய். நான் நான்கு வரிச் செய்தி எழுதினேன். நீ ஏழு கிழங்குகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்தாய்.

மாரெட்பள்ளியில் உன் மொட்டைமாடியில் அவை பிழைத்தன. டப்பாவின் அடியில் ஆணியால் துளைகள், அதன் மேல் உடைத்த செங்கல், அதன் மேல் மணல் கலந்த செம்மண். கிழங்கின் கழுத்து மட்டும் வெளியே தெரியவேண்டும் என்பாய். வெயில் ஏறும் மாதங்களில் ஓர் இலைகூட இல்லாமல் ஒற்றைத் தண்டு இடுப்புயரம் எழும். பொழுது சாயும்போது பழுப்பும் பச்சையுமாகச் சின்ன மணிகள் திறக்கும். அன்று போன் வரும்: "பூத்துருச்சு, வா." நான் வந்து பார்த்துவிட்டுப் போவேன். மழையில் இலை விட்டு, பனிக்கு முன் அது காய்ந்து, பிறகு மாதக்கணக்கில் வெறும் மண்ணாகக் கிடக்கும் காலம் ஒன்று உண்டு என்பதை நீ எனக்குக் காட்டியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

ஜனவரியில் ஏழு டப்பாக்களும் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தன. "வீட்டுக்கு வெள்ளை அடிக்கறாங்க. ரெண்டு மாசம் இங்க கெடக்கட்டும்" என்றாய். எல்லாவற்றையும் ஆட்டோக்காரர்தான் மாடிக்குத் தூக்கி வந்தார். நீ ஒன்றைக்கூடத் தொடவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும் கேட்கவில்லை.

"என்ன செய்யணும்?" என்றேன்.

"நக்கோடா, ஒண்ணும் பண்ண வேணாம்." இந்த ஊர் உருதில் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'; உன் வாயில் அதுதான் வரும்.

உன்னை எனக்குத் தெரியாதா? டீ வேணாம் என்று மூன்று தரம் சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடிப்பவன் நீ. நம் வீடுகளில் 'வேண்டாம்' என்று சொல்பவர்களுக்குத்தான் முதலில் இலை போடுவோம். கூச்சத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். அந்தக் காய்ந்த சருகுகளைப் பார்க்கவும் பரிதாபமாக இருந்தது. தினமும் காலையில், பேப்பர் படிப்பதற்கு முன், ஏழுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரியில் போனில் உன் குரல் சரியில்லை. "காய்ச்சல்தான்டா. நீ வராதே. நக்கோன்னா நக்கோ." அதை மட்டும் அப்படியே நம்பினேன். சட்டமன்றம் நடந்துகொண்டிருந்தது, வேலை இருந்தது. நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. முப்பது வருடமாக, அமைச்சர் சொன்னாலும் இன்னொருவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். உன் வீடு பத்து நிமிட நடை. மறுபடி பார்த்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சுவர்களில் பழைய நீலச் சுண்ணாம்பு உரிந்துகொண்டிருந்தது. யாரும் வெள்ளை அடிக்கவில்லை.

போன வாரம் உன் மகள் டப்பாக்களை எடுத்துப்போக வந்தாள். மண்ணைத் தொட்டுப் பார்த்தவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ அங்கிள், தண்ணி ஊத்தினீங்களா? வின்டர்ல டச்சே பண்ணக் கூடாது. உள்ள தூங்கிட்டிருக்கும்."

"அவன் ஒண்ணுமே சொல்லலையேம்மா."

"ஒண்ணும் பண்ண வேணாம்னு சொல்லலையா?"

வேறொன்று கேட்டேன்: "அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்ததை நீயாவது எனக்குச் சொல்லியிருக்கலாமேம்மா?" அவள் தரையைப் பார்த்தாள். "அப்பா ப்ராமிஸ் வாங்கிட்டாரு அங்கிள். 'அவனுக்குச் சொல்லாதே, வந்து உக்காந்து கேள்வியா கேப்பான்'ன்னாரு." டப்பாக்களை எடுக்காமலே போய்விட்டாள்.

கேட்டிருப்பேன்தான். எத்தனை நாளாக, எந்த டாக்டர், அவர் என்ன சொன்னார், நீ ஏன் இத்தனை நாள் போகவில்லை. எல்லாம் கேட்டு உன்னைப் படுத்தியிருப்பேன். அது எனக்கு உரிமையில்லையா? ஊரில் உள்ளவனையெல்லாம் நான் கேள்வி கேட்கலாம், உன்னை மட்டும் கூடாதா? கேட்க வேண்டியதையெல்லாம் இப்போது வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். நோயை யாரிடமும் சொல்லாமல் தாங்கிய உன் தைரியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு அது அவமதிப்பாகத்தான் படுகிறது.

நேற்று முன்தினம், என்னோடு வேலை பார்த்த போட்டோகிராபர் போனில் இருமினான். "சளிதான்பா, நீ வர வேண்டாம்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் காஞ்சன்பாக் போனேன். கதவைத் திறந்தவன், "வேணாம்னு சொன்னேனே!" என்று கத்தினான்.

"சொன்ன. தள்ளு" என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் படித்து, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று விசாரித்தேன். வெறும் ஜலதோஷம்தான். அவன் மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. எந்த டாக்டர் என்று கேட்டேன்.