தெரியாத எண்கள்

கிசுமு,
சனிக்கிழமை மதியம்

அக்கேயோவின் அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒருவர் நம் கனவில் வரும்போது, கடைசியாகப் பார்த்ததைவிட மெலிந்து வருவது ஏன்? கனவுகளை நான் நம்புவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தாவரவியல் கற்பிக்கிறவள், வேரும் இலையும் இல்லாத ஒன்றைப் பற்றி எழுதுவது எனக்கே விநோதமாக இருக்கிறது. இந்த வாரம் காற்று திசை மாறி, ஆகாயத்தாமரை முழுவதும் நம் கரையில் வந்து ஒதுங்கிவிட்டது. ஜன்னலில் பார்த்தால் ஏரியே இல்லை, கண்ணுக்கு எட்டிய வரை பச்சைத் தரை. கனவில் அந்தப் பச்சையின் மேல் நீங்கள் நடந்து வந்தீர்கள். சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தீர்கள், தோள்கள் தொங்கின. கீழே தண்ணீர் என்று கத்த நினைத்தேன். நீங்களோ ஆலைக் கிடங்குக்குக் காலை நேரத்தில் நடக்கிறவர்போல நிதானமாக வந்துகொண்டிருந்தீர்கள். நான் கத்தவில்லை.

எழுந்ததும் அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு கிபுயே சந்தைத் தையற்காரரிடம் போனேன். "ஆளு இல்லாம கோட்டைப் பிடிக்கச் சொன்னா நான் என்ன மந்திரவாதியாம்மா?" என்று கேட்டார். தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று கையால் காட்டினேன். எப்போது அளந்தேன் என்று அவர் கேட்கவில்லை. பிடித்துத் தந்துவிட்டார். இந்தக் கடிதம் அந்தக் கோட்டோடு பஸ் பார்சலில் நகுருவில் உங்கள் தம்பி ஒகோலாவின் கடைக்கு வரும். போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. ஏன் என்று தெரிந்ததால் நான் கோபப்படவில்லை. அதிகம் கோபப்படவில்லை.

முதலில் நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து வரும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண், "மிஸ்டர் ஒடேரா இருக்காருங்களா? அவர் போன் கிடைக்கல, விண்ணப்பத்துல உங்க நம்பர் இருந்துச்சு" என்றாள். மறுபடியும் கடன் வசூல்காரர்கள்தான் என்று நினைத்துவிட்டேன். என் துறைத் தலைவருக்கே போன் செய்து உங்கள் கடனைப் பற்றிச் சொன்னவர்கள் அல்லவா! "உனக்கு வேற வேலையே இல்லையா? பெத்தவங்க இதுக்குத்தான் படிக்க வெச்சாங்களா?" என்று ஆரம்பித்து, நடைபாதையில் நின்றபடி நிறையப் பேசினேன். மாணவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "மேடம், நான் நகுரு நீர் வழங்கல் ஆபீஸ்லருந்து பேசுறேன். அவரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கோம், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம், எங்க வீட்லயும் இப்படித்தான் போன் வரும்" என்று சிரித்தாள்.

கிடங்கு மேற்பார்வையாளர் வேலை. சர்க்கரை ஆலை மூடுவதற்கு முன் நீங்கள் செய்ததேதான். ஆனால் கடன் தகவல் மையத்திலிருந்து சுத்தமான சான்றிதழ் கேட்கிறார்கள். போன் செயலிகளில் வாங்கிய மூன்று கடன்களிலும் உங்கள் பெயர் கெட்டிருக்கும்போது அது கிடைக்காது. மறுநாள் அந்தப் பெண்ணை நானே அழைத்துக் கேட்டேன். கடனை முழுவதும் அடைத்தாலும் மையம் பெயரைத் திருத்தச் சில நாள் ஆகுமாம். "கடன் குடுத்தவங்க முடிஞ்சதுன்னு எழுதிக் குடுத்த கடிதத்தைக் கொண்டு வரச் சொல்லுங்க, சான்றிதழை அப்புறம் தரலாம். மூணு கடிதமும் வேணும் மேடம். ஒண்ணு குறைஞ்சாலும் உள்ள விட மாட்டாங்க" என்றாள்.

அதனால் கடனைப் பற்றி. நான் பொருளாதாரம் படித்தவள் அல்ல. கேட்டு விசாரித்ததை எழுதுகிறேன். மூன்று பேரிடமும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேட்க வேண்டும். மொத்தமாகச் சொல்லும் தொகைக்குத் தலையாட்டக் கூடாது. அபராதம் பேசினால் குறையும், அசல் குறையாது. பணம் நிறுவனத்தின் எண்ணுக்குத்தான் போக வேண்டும். அழைக்கிற ஆள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவன் சொந்த எண்ணுக்குப் போகக் கூடாது. முக்கியமாக, இந்த மூன்றை அடைக்க நாலாவதாக ஒன்று வாங்காதீர்கள். முதலாவதை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது என்றுதானே இது வளர்ந்தது. ஆகாயத்தாமரையும் அப்படித்தான், ஒரு செடி பக்கவாட்டில் ஒரு தண்டை நீட்டும், அதன் நுனியில் இன்னொரு செடி முளைக்கும். கரையில் நிற்கிறவர்களுக்குப் பூ மட்டும்தான் தெரியும். நான் கரையில்தான் நின்றிருக்கிறேன்.

ஒகோலா எனக்குச் செய்தி அனுப்பினான். "கவலைய விடுங்க அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான். முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டு சாயங்காலமே சான்றிதழ் குடுத்துருவான். அண்ணன் பாதி சம்மதிச்சுட்டாரு" என்று. அந்தப் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒகோலா நல்லவன், உங்களுக்குக் கட்டில் கொடுத்திருக்கிறான், ஆனால் இந்த விஷயத்தில் அவன் பேச்சைக் கேட்காதீர்கள். கடன் வாங்கியவரை என்னால் சாப்பாட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருக்க முடியும். பொய்க் காகிதம் நீட்டியவரோடு என்னால் முடியுமா என்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒவ்வொரு நாளும் கதவு தட்டப்படும்போது நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். அந்தப் பார்வையை இந்த வீட்டில் ஒரு வருடம் பார்த்துவிட்டேன்.

நேர்காணலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நானே எத்தனையோ பேரை மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆலை மூடியதற்குப் பிறகான காலத்தை விண்ணப்பத்தில் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். வண்டியில் ஓமேனா மீன் ஏற்றி எல்டோரெட் வரை கொண்டுபோனது வேலைதான். எத்தனை மூட்டை, எவ்வளவு கெட்டுப்போனது என்று உங்களுக்கு இப்போதும் மனப்பாடம், அதைச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துங்கள். நீங்கள் பதற்றத்தில் கதை சொல்ல ஆரம்பிப்பீர்கள். உங்கள் கதைகள் நன்றாகத்தான் இருக்கும், அவர்களுக்கு நேரம் இருக்காது. கடனைப் பற்றிக் கேட்டால் தலை குனியாதீர்கள், தொகையைச் சொல்லுங்கள், அடைத்த விதத்தைச் சொல்லுங்கள். கோட்டின் கீழ்ப் பொத்தானைப் போட வேண்டாம். உங்களை அழைக்கிறவர்களுக்குக் கேட்கும் அந்த ரும்பாப் பாட்டை எடுத்துவிடுங்கள். உங்கள் போன் உயிரோடிருந்த காலத்தில், பாட்டு முழுவதும் ஓடி முடியும் வரை நான் வேண்டுமென்றே காத்திருந்ததுண்டு, ஆனால் அலுவலகக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். அக்கேயோவின் படிப்புக் கட்டணத்தைத் தொட மாட்டேன். நாளை எங்கள் பெண்கள் சீட்டுக் குழு கூடுகிறது. என் முறை டிசம்பரில்தான் வரும். நாளை எடுக்க வேண்டியவள் ரிஸ்பா, மழைக்கு முன் கூரைத் தகரம் மாற்றக் காத்திருக்கிறாள். முறையை மாற்றிக் கேட்கலாம். கேட்கிறவள் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஆளாளுக்குப் பொய் சொல்லிப் பணம் எடுத்த வருடத்தில், அதைச் சேர்க்கச் சொன்னது நான்தான். இப்போது கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். 'என் கணவருக்குக் கடன்' என்பதற்கு மேல் குரல் போகவில்லை. நான் வீட்டு விஷயம் பேசாதவள் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிற்று. எனக்கும் பழகிவிட்டது.

பிற்பகல் இங்கே கண்ணாடிக் குவளைக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. எதுவும் அசையவில்லை. எங்கோ பச்சைக்குள்ளிருந்து நீர்யானை ஒன்று உறுமுகிறது, மனிதர் தூக்கத்தில் புரளுகிற சத்தம்போல. இந்த நேரத்தில் வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தமும் கேட்கிறது. அந்த வண்டியை நாம் விற்றுவிட்டோம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

வியாழக்கிழமை காலை உங்களுக்கு நல்லதாக விடியட்டும். அதற்கு முன் போனைத் திறந்து வையுங்கள். தெரியாத எண் வந்தால் எடுங்கள். என் எண் வந்தாலும் எடுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து,
அபோண்டி


ஞாயிறு மாலை

பார்சல் அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சேர்க்கிறேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டம் ரிஸ்பா வீட்டில். தேநீரும் எண்ணெயில் பொரித்த மண்டாசியும் வந்தன. நான் எழுந்து நின்றேன். எங்கள் தலைவி பெலெசியா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காரு அபோண்டி. நீ சொல்லப்போறது இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். வசூல்காரர்கள் உங்கள் போனிலிருந்த எல்லா எண்களுக்கும் அழைத்திருக்கிறார்கள். சாவு வீடுகளுக்கு இந்தப் பெண்களை வண்டியில் கூட்டிப்போனவர் நீங்கள், அதனால் ஒருத்தி விடாமல் எல்லோருடைய எண்ணும் உங்களிடம் இருந்தது. எல்லோருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போன வருட மழையிலேயே.

"எனக்குத் திரும்பத் திரும்ப அடிச்சான்" என்றார் பெலெசியா. "பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, ஒடேரா செத்துட்டாரு தம்பி, அடக்கத்துக்கு நன்கொடை வசூல் பண்றோம், நீ எவ்வளவு தர்றேன்னு கேட்டேன். வெச்சுட்டான். அதோட சரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்னிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். "உன் மூஞ்சியப் பாத்து யாருடி சொல்றது?" என்றாள் ரிஸ்பா. "வாயத் தெறந்தா வகுப்பை விட்டு வெளிய அனுப்பிருவியோன்னு பயம்." பிறகு, தகரம் கடையை விட்டு எங்கும் ஓடிவிடாது, இந்த முறையை நீயே எடுத்துக்கொள், டிசம்பரை எனக்குக் கொடு என்றாள். நான் உடனே கைநீட்டினேன். பெலெசியா தடுத்தார். "இரு, இரு. விதின்னா விதி. நீ போட்டது. எழுந்து நின்னு காரணத்தைச் சொல்லிட்டு வாங்கு."

சொன்னேன். ஒரு வாக்கியம் சொல்லத்தான் எழுந்தேன், அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு வந்துவிட்டன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். பெலெசியாவிடம் கேளுங்கள், கேட்காமலே சொல்வார். நான் முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. நிறைந்திருந்த என் குவளையில் ரிஸ்பா மேலும் தேநீர் ஊற்றினாள், தட்டில் வழிந்தது.

சின்னக் கடன் இரண்டும் அங்கேயே போனில் அடைத்தாயிற்று. முடிந்தது என்ற கடிதங்கள் போனுக்கே வந்தன. கடையில் அச்செடுத்து, கோட்டின் உள் பையில் வைத்திருக்கிறேன். பெரிய கடன்காரரை நானே அழைத்தேன். இந்த முறை அவர்தான் தயங்கி எடுத்தார். அபராதம் முழுவதையும் தள்ள மாட்டேன் என்றார், பாதியைத் தள்ளினார், மீதியை அசலோடும் வட்டியோடும் சேர்த்துச் செலுத்திவிட்டேன். கடிதம் நாளை வரும் என்கிறார். வந்த பிறகுதான் நம்புவேன். வந்ததும் ஒகோலாவின் போனுக்கு அனுப்புகிறேன்.

பார்சல்காரர் அனுப்புகிறவர் பெயரைக் கேட்டார். வழக்கமாக டாக்டர் லிலியன் அபோண்டி என்று முழுவதும் சொல்லி, எழுத்துகளையும் சரிபார்ப்பேன். இன்று ஒடேராவின் மனைவி என்று எழுதச் சொன்னேன்.